ஒளிரும் சாயமும் அமிலமும் வெயிலும்

திருமண வீடுகளில் ஆரத்தி சுற்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தட்டில் மஞ்சள் கரைத்த நீர் இருக்கும். அதில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் நீர் சிவந்துவிடுகிறது. அதே மஞ்சள் வேட்டியில் பட்டுவிட்டால், வெளுக்கும்போது சவுக்காரம் பட்ட இடம் சிவக்கிறது. அலசிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டால், நல்ல வெயிலில் கறை மெல்ல மெல்ல வெளுத்து, இருந்த இடம் தெரியாமற் போகிறது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாகச் சிவந்த ஆரத்தி நீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மஞ்சள் நிறம் திரும்பி வரும். வெயிலில் வெளுத்த வேட்டியின்மேல் எலுமிச்சையைப் பிழிந்தாலும் சரி, சுண்ணாம்பைத் தடவினாலும் சரி, போன மஞ்சள் வராது. முன்னதில் சாயம் வேடம் மாறியது. பின்னதில் சாயம் இறந்தது. கண்ணுக்கு இரண்டும் 'நிறம் போயிற்று' என்றே தோன்றும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கி ஒரு மாணவனுக்கு நான் இழைத்த தீங்கையும் இப்பேச்சின் நடுவில் சொல்லப் போகிறேன்.

மஞ்சளில் உள்ள சாயத்தின் பெயர் குர்க்குமின். மஞ்சள் தூளைச் சிறிது எரிசாராயத்தில் கலக்கித் தெளியவைத்து, வங்கிகளில் கள்ள நோட்டைக் கண்டறிய வைத்திருக்கிறார்களே, அந்தப் புற ஊதா விளக்கின் கீழ்ப் பிடித்தால், அது பசுமை கலந்த மஞ்சளாய் ஒளி வீசும். தம்மீது விழும் ஒளியை உட்கொண்டு, அதனினும் அலைநீளம் மிகுந்த வேறு நிற ஒளியாக உடனுக்குடன் உமிழும் இத்தகைய பொருள்களையே ஒளிரும் சாயங்கள் என்கிறோம். இத்தன்மைக்கு ஆங்கிலத்தில் 1852-ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். புளோர்ஸ்பார் என்னும் கனிமத்தின் பெயரிலிருந்து அச்சொல்லை அவர் ஆக்கினார்.

ஒளிரும் சாயங்களுள் மாணவர்கள் அறியவேண்டியது புளோரெசீன். ஜெர்மானிய ரசாயன அறிஞர் அடால்ப் பான் பேயர் 1871-இல் இதனை ஆக்கினார். கண் மருத்துவர் விழியின் மேற்பரப்பில் கீறல் உண்டா என்று பார்ப்பதற்கு மஞ்சள் நிறமாக ஒரு சொட்டு விட்டு, நீல விளக்கால் நோக்குவதைச் சிலர் அனுபவித்திருக்கலாம். அந்தச் சொட்டில் இருப்பது இதுவே. காரம் கலந்த நீரில் இது சுமார் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை மிக விரும்பி உட்கொண்டு, சுமார் 515 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை உமிழும். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உட்கொள்ளும் ஒவ்வொரு நூறு ஒளித்துகளுக்கும் தொண்ணூறுக்கு மேல் திருப்பித் தந்துவிடும் தாராளமான சாயம் அது.

இனி என் கதைக்கு வருகிறேன். 1996-ஆம் ஆண்டு. அப்பொழுது நான் தலைமையாசிரியன் அல்லேன். ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் கற்பித்து வந்தேன். பள்ளிக் கண்காட்சிக்காக மாணவன் ஒருவன், கல்லூரியில் படித்த தன் அண்ணனிடமிருந்து கடுகளவு புளோரெசீன் வாங்கி வந்தான். அதனை நிறைய நீரில் கரைத்து, நான்கு சோதனைக் குழாய்களில் ஊற்றினான். இரண்டில் எலுமிச்சைச் சாறு. இரண்டில் சலவைச் சோடா. ஒவ்வொரு வகையிலும் ஒரு குழாயைக் கறுப்புத் தாளால் சுற்றினான். மற்றதை வெயில் படும்படி சன்னல் கம்பியில் கட்டினான். இரண்டு நாள் கழித்து அவன் எழுதிவந்த முடிவு இது: அமிலம் சேர்ந்த சாயத்தை வெயில் குறைவாகவே அழிக்கிறது.

நான் குழாய்களைப் பார்த்தேன். வெயிலில் இருந்த சோடாக் குழாயில் இன்னும் மங்கலான பச்சை தெரிந்தது. எலுமிச்சைக் குழாயிலோ பச்சை அறவே இல்லை. வெளிறிய நீர்தான் இருந்தது. "கண்ணெதிரே இருப்பதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறாயே! அட்டவணையை வீட்டில் உட்கார்ந்து நிரப்பினாயா?" என்று கேட்டேன். "ஐயா, அதில் கொஞ்சம் சோடாவைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றான் அவன். நான் போட்டுப் பார்க்கவில்லை. அவன் தாளின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தேன். அவனுடைய குழாய்கள் கண்காட்சி மேசைக்குச் செல்லவில்லை.

குழாய்கள் என் அறையிலேயே கிடந்தன. மாலையில் எல்லாரும் சென்றபின், ஏதோ ஓர் உறுத்தலால் எலுமிச்சைக் குழாயில் ஒரு சிட்டிகை சலவைச் சோடாவைப் போட்டேன். நுரைத்துப் பொங்கியது. நுரை அடங்கியதும், தளிர் இலையைப் போன்ற பச்சை ஒளி குழாய் முழுவதும் எழுந்தது. கறுப்புத் தாளில் இருந்த குழாயை அவிழ்த்து அதற்கும் சோடாவிட்டு அருகில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. வெயிலில் நின்ற சோடாக் குழாயில் மேலும் மேலும் சோடாவைப் போட்டேன். அதன் மங்கல் மங்கலாகவே இருந்தது.

மறுநாளே வகுப்பில் அவனை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஆசிரியன் பிழையை ஒப்புக்கொண்டால் மதிப்புக் குன்றும் என்று எண்ணியிருந்தேன். தேர்வு முடிந்தது, அவன் பள்ளியை விட்டுச் சென்றான்.

அந்தக் குழாய்களில் நடந்தது என்ன? முதலில் அமிலத்தின் வேலையைப் பார்ப்போம். ஒரு கரைசலின் புளிப்பையும் காரத்தையும் அளக்க, டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன் என்பவர் 1909-இல் பி.எச். என்னும் அளவை வகுத்தார். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வோர் எண் இறங்கும்போதும் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு மிகுகின்றன. புளோரெசீன் மூலக்கூறு இந்த ஹைட்ரஜன் அயனிகளை ஏற்றுக்கொள்ளவும் இழக்கவும் வல்லது. காரநீரில் அது இரண்டு ஹைட்ரஜன்களை இழந்து நிற்கும். அந்த வடிவமே நீல ஒளியை நன்கு உட்கொண்டு பச்சையாய் ஒளிர்வது. பி.எச். சுமார் 6.4-க்கு இறங்கும்போது மூலக்கூறுகளில் பாதி ஒரு ஹைட்ரஜனைத் திரும்பப் பெற்றுவிடுகின்றன. அந்த வடிவம் நீல ஒளியைக் குறைவாக உட்கொள்வதோடு, உட்கொண்டதிலும் பாதிக்கும் குறைவாகவே திருப்பித் தருகிறது. இன்னும் புளிப்பு மிகுந்தால் இன்னொரு ஹைட்ரஜனும் ஒட்டிக்கொள்ள, ஒளிர்வு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பும் கல்லூரி மாணவர்களுக்குச் சொல்கிறேன். பி.எச். 9-இல் ஏறத்தாழ எல்லா மூலக்கூறுகளும் நன்கு ஒளிரும் வடிவில் இருக்கும். 7-இல் நூற்றுக்கு எண்பது. 5-இல் நூற்றுக்கு நான்கே. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-க்கும் 3-க்கும் இடைப்பட்டது. அந்தக் குழாயில் பச்சை தெரியாததில் வியப்பென்ன? ஒரு மூலக்கூறுகூடச் சாக வேண்டியதில்லை. எல்லாம் உயிரோடு இருந்தே ஒளிராதிருக்கலாம். காரம் வந்ததும் ஹைட்ரஜனைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்போல் ஒளிரும்.

வெயிலின் வேலை வேறு. ஒளித்துகளை உட்கொண்ட மூலக்கூறு ஆற்றல் மிகுந்த நிலைக்கு எழும்புகிறது. அந்நிலையில் அது இருப்பது ஒரு நொடியை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் ஏறத்தாழ நான்கு பங்கு நேரமே. பிறகு பச்சை ஒளியை உமிழ்ந்துவிட்டுத் தன் நிலைக்கு இறங்கிவிடும். ஆயினும் எப்பொழுதாவது ஒரு முறை, நேரே இறங்காமல், இடையிலுள்ள வேறொரு நிலையில் சிக்கிக்கொள்கிறது. அங்கே அது ஆயிரக்கணக்கான மடங்கு நேரம் தங்க நேர்கிறது. அப்பொழுதுதான் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அதனை வந்தடைகிறது. சாயத்திடமிருந்து ஆற்றலைப் பெற்ற ஆக்சிஜன் மூர்க்கமடைந்து, ஆற்றல் கொடுத்த சாயத்தையே தாக்குகிறது. சாயத்தின் வளையங்கள் சிதைந்தால் நிறமும் இல்லை, ஒளிர்வும் இல்லை. நீரில் உள்ள ஒரு புளோரெசீன் மூலக்கூறு சராசரியாகச் சுமார் 30,000 முறை ஒளியை உட்கொண்டபின் இவ்வாறு மடிகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நான் அன்று கோடு இழுத்தேனே, அத்தகைய சிவப்பு மைகள் பலவற்றில் சேர்வது இயோசின். புளோரெசீனில் புரோமினைப் புகுத்தி 1874-இல் ஹைன்ரிக் காரோ ஆக்கிய சாயம் அது. ஒளிக்கு இன்னும் எளிதில் இரையாவது. ஓவியர் வான் கோ 1890-இல் தீட்டிய ரோஜாப் படங்களில் இளஞ்சிவப்புக்கு இயோசின் வண்ணத்தையே பயன்படுத்தினார். இன்று அம்மலர்கள் ஏறத்தாழ வெள்ளையாகத் தெரிகின்றன. அவற்றின்மேல் எந்தக் காரத்தைத் தெளித்தாலும் இளஞ்சிவப்பு மீளாது.

இப்பொழுது அமிலத்தையும் வெயிலையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். ஒளியை உட்கொண்டால்தான் சாயத்துக்கு ஆபத்து. வேலைக்கே போகாதவன் காலில் வழியிலுள்ள முள் தைப்பதில்லை அன்றோ? அமில வடிவம் நீல ஒளியைக் குறைவாக உட்கொள்வதால், ஒரே சன்னலில் ஒரே நேரம் நின்றாலும் அதற்கு ஆபத்தான தருணங்கள் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. ஹைட்ரஜனை இழந்து நிற்கும் வளையத்தில் எலக்ட்ரான் செறிவு மிகுதி. மூர்க்கமடைந்த ஆக்சிஜன் அத்தகைய இடத்தையே நாடித் தாக்கும். ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும்போது அத்தாக்குதல் தளர்கிறது. ஆகவே அமிலம் இச்சாயத்தை மங்கவும் வைக்கிறது, காக்கவும் செய்கிறது. காரம் அதனைச் சுடர்விடச் செய்து, விரைவில் மாளவும் செய்கிறது. என் மாணவன் எழுதிய ஒற்றை வரியில் இத்தனையும் அடங்கியிருந்தது.

இது சோதனைக் குழாயோடு நிற்கும் விஷயமன்று. ஜெர்மனியில் இம்மெண்டிங்கன் என்னும் ஊருக்கு அருகே டான்யூப் ஆற்றின் நீர் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடுகிறது. கோடையில் ஆற்றுப் படுகை முற்றும் வறண்டு போவதும் உண்டு. தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் ஆக் என்ற இடத்தில் மிகப் பெரிய ஊற்று ஒன்று பொங்குகிறது. டான்யூப் நீர்தான் அங்கே வருகிறதா என்பது வெறும் அறிவு வேட்கையால் எழுந்த கேள்வியன்று. பாறைத் துளைகளை அடைக்க வேண்டும் என்றனர் டான்யூப் கரையினர். ஊற்றுநீரை நம்பி ஆலை நடத்தியவர்களோ அடைத்தால் தம் ஆலைகள் நின்றுபோகுமே என்று அஞ்சினர். 1877 அக்டோபரில் அடால்ப் நாப் என்ற பேராசிரியர் 10 கிலோகிராம் புளோரெசீன் உப்பை ஆற்றுநீர் மறையுமிடத்தில் கரைத்தார். சுமார் 60 மணி நேரம் கழித்து ஆக் ஊற்று பச்சையாய் ஒளிர்ந்தது. கருங்கடலுக்குச் செல்லவேண்டிய நீரில் ஒரு பகுதி, ரைன் ஆற்றின் வழியே வடகடலுக்குச் செல்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்கியது.

நாப் அவர்களின் வெற்றியில் நிலத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. நீர் சென்ற வழி இருட்டு. வெயில் சாயத்தைத் தொடவில்லை. பாறை சுண்ணாம்பு, நீர் சற்றே காரமாக இருந்ததால் சாயம் தன் முழு ஒளியோடு வெளிவந்தது. இதே 10 கிலோகிராமை வெட்டவெளியில் மெல்ல ஓடும் ஆற்றில் கரைத்திருந்தால், சாயத்தில் பெரும்பகுதி வழியிலேயே வெயிலுக்கு இரையாகியிருக்கும். மட்கிய தாவரங்கள் நிறைந்த சதுப்பு நிலத்தின் புளித்த நீரில் கரைத்திருந்தால், சாயம் வந்து சேர்ந்தும் கண்ணுக்குப் புலப்படாதிருக்கும். பார்ப்பவர் என்ன முடிவு செய்வார்? 'இந்த நீருக்கும் அந்த நீருக்கும் தொடர்பில்லை' என்பார். கழிவுநீர்க் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் தொடர்பு உண்டா என்று இதே முறையால் சோதிக்கும்போது, அப்படியொரு தவறான 'இல்லை' எத்தனை பேரைப் படுக்கையில் கிடத்தும் என்று எண்ணிப் பாருங்கள். அதனாலேயே இத்துறையினர், எடுத்த நீரைப் பழுப்பு நிறப் புட்டிகளில் இருட்டில் வைக்கிறார்கள். அளப்பதற்குமுன் அதனைக் காரமாக்கிக்கொள்கிறார்கள். வெயில் படும் ஆறுகளுக்குப் புளோரெசீனை விடுத்து, ரோடமின் டபிள்யூ.டி. என்னும் சிவப்புச் சாயத்தைத் தேர்கிறார்கள். அது வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். இயற்கை நீரில் காணும் புளிப்பு வேறுபாடுகளால் அவ்வளவாக மாறாது. (இதன் உறவினனான ரோடமின் பி. பஞ்சு மிட்டாயில் கலந்திருந்தது கண்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அத்தகைய மிட்டாயின் விற்பனையைத் தடை செய்தது நினைவிருக்கலாம். ஆற்றுக்கு ஏற்ற சாயம் வயிற்றுக்கு ஏற்றதன்று.)

மற்றோர் இடத்தையும் சொல்கிறேன். ஒருவரைக் கடித்த நாய் இறந்துவிட்டால், அதற்கு வெறி இருந்ததா என்று அறிய, மூளைத் துணுக்கின்மேல் புளோரெசீன் கோத்த எதிர்ப்பொருளை இட்டு உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். இம்முறை 1958 முதல் வழக்கில் உள்ளது. வெறிநோய்க் கிருமி இருந்தால் பச்சைப் புள்ளிகள் ஒளிரும். கண்ணாடித் தகட்டில் விடும் கிளிசரின் நீரின் பி.எச். 8.5 முதல் 9 வரை இருக்குமாறு பார்த்துக்கொள்வார்கள். அது அமிலப் பக்கம் சாய்ந்துவிட்டால் புள்ளிகள் மங்கும். சரியான காரத்தில் வைத்தோ, விளக்கின் முன் நெடுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால், புள்ளிகள் பார்க்கப் பார்க்க மடியும். முன்னதைப் புதிய கிளிசரின் நீரால் திருத்தலாம். பின்னதைத் திருத்த வழியில்லை, வேறு துணுக்குதான் எடுக்க வேண்டும். வெறி உள்ளது என்று முன்பே தெரிந்த தகடு ஒன்றும், இல்லை என்று தெரிந்த தகடு ஒன்றும் உடன் வைத்தே இச்சோதனையைச் செய்வார்கள். அவ்விரண்டும் இல்லாமல், புள்ளி ஏன் தெரியவில்லை என்று எவராலும் துணிந்து கூற இயலாது.

அமிலம் என்றாலே ஒளிர்வு மங்கும் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு விடாதீர்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா, அமிலம் கலந்த நீரில்தான் அழகிய நீலமாய் ஒளிரும். அதில் சமையல் உப்பைப் போட்டால் அடங்கிவிடும். மஞ்சளின் குர்க்குமினோ காரத்தில் இருட்டில்கூட நிலைப்பதில்லை. சிவந்த ஆரத்தி நீரை மூடி வைத்தாலும் விரைவில் அதன் நிறம் கெடும். ஒவ்வொரு சாயத்துக்கும் அதனதன் குணம் உண்டு. சாயத்தின் பெயரைக் கேட்காமல் விடை சொல்லும் ஆசிரியரைச் சற்று ஐயத்தோடு நோக்குவதில் தவறில்லை.

2023-ஆம் ஆண்டில் அம்மாணவன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். கல்லூரியில் ரசாயனம் கற்பிக்கிறார். 'வாங்க தம்பி' என்று அழைத்து உட்கார வைத்து, இருபத்தேழு ஆண்டுகளாகச் சொல்லாதிருந்ததைச் சொன்னேன். அன்று மாலையே சோடாவைப் போட்டுப் பார்த்ததையும், பார்த்தபின் வாய் மூடியிருந்ததையும் ஒளிக்கவில்லை. அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "கோடு போட்ட அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், ஐயா" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

பிறகு அவரே பேச்சைத் தொடர்ந்தார். "ஆனால், ஐயா, என் சோதனையிலும் ஒரு குறை இருந்தது. எலுமிச்சையில் அமிலம் மட்டுமா இருக்கிறது?" என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. எலுமிச்சையில் வைட்டமின் சி உண்டு. அது ஆக்சிஜனின் தாக்குதலைத் தானே ஏற்றுக்கொண்டு சாயத்தைக் காக்க வல்லது. உருப்பெருக்கித் தகடுகளில் சாயம் மங்காதிருக்க இதனைச் சேர்ப்பதும் உண்டு. ஆக, அந்தக் குழாயைக் காத்தது புளிப்பா, வைட்டமினா? அவருடைய நான்கு குழாய்களும் அக்கேள்விக்கு விடை தரமாட்டா. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கோடு இழுத்ததில் கேட்க மறந்தேன்.

அவர் பையில் கொஞ்சம் புளோரெசீன் கொண்டுவந்திருந்தார். கடைக்குச் சென்று நிறமில்லாத வினிகர் ஒரு புட்டி வாங்கி வந்தோம். இம்முறை ஆறு குழாய்கள்: எலுமிச்சை இரண்டு, வினிகர் இரண்டு, சோடா இரண்டு. எல்லாவற்றிலும் நீரின் அளவு ஒன்று, வாய்க்குத் தக்கை, ஒவ்வொரு வகையிலும் ஒன்றுக்குக் கறுப்புத் தாள். இரண்டு நாள் மாடி வெயிலில் வைத்தோம். பிறகு எல்லாவற்றையும் சோடாவால் காரமாக்கி, நீரின் அளவை மீண்டும் சமப்படுத்தி, வரிசையாகப் பிடித்துப் பார்த்தோம். வெயிலில் நின்ற எலுமிச்சைக் குழாய் இருட்டில் இருந்ததைப் போலவே ஒளிர்ந்தது. வினிகர்க் குழாய் அதற்கு ஒருபடி குறைவு. சோடாக் குழாய் இவை இரண்டுக்கும் வெகுவாகப் பின்தங்கியிருந்தது. புளிப்பும் காத்தது, வைட்டமினும் காத்தது என்று தோன்றுகிறது. எது எவ்வளவு என்பதை அறிய, வினிகரில் வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்து ஏழாவது, எட்டாவது குழாய்கள் வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் பேருந்துக்குப் புறப்பட்டார்.